கயிறு பிடித்த பதினொரு நாட்கள்

பழங்குடி மாணவர் உதவி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எந்தப் படிவத்தை எந்த மாதம் அனுப்புவது என்பதை அலமாரியில் இருக்கும் கோப்புகளைப் புரட்டினால் ஒரு வாரத்தில் தெரிந்துகொள்வீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு டைபாய்டு காய்ச்சலைப் பற்றி. அந்தக் காய்ச்சல் யாருக்கும் வரவில்லை. அதை வரவழைத்தவன் நான்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். லாரியில் கிளீனராக இருந்தேன். போர் போடும் ரிக் வண்டியோடு ஆந்திராவிலும் ஒடிசாவிலும் ஆறு வருஷம் சுற்றினேன். இடதுகையில் ஒரு விரல் அங்கேயே போயிற்று. பிறகு பிளாஸ்டிக் குடம் விற்றேன், புளி உலுக்கினேன். ஒரே ஊரில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பேரையூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்புகளுக்குப் போய்த் தேனும் கடுக்காயும் எடுத்து வரும் வியாபாரி ஒருவரிடம் கொஞ்ச காலம் இருந்தபோது அந்த வீடுகள் பழக்கமாயின. பல்கலைக்கழகம் என்னை எடுத்தது அந்தப் பழக்கத்துக்காகத்தான். கள உதவியாளர் என்று பெயர் வைத்தார்கள். கடைசி நாள் வரை தற்காலிகம். படித்தவர்கள் ஏறிப் போகத் தயங்கும் இடத்துக்கு ஏறிப் போக ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்.

மணிகண்டன் அந்தக் குடியிருப்புகளில் ஒன்றிலிருந்து எம்.ஏ. வரை வந்த முதல் ஆள். நாட்டார் வழக்காறு படித்தான். அதிகம் பேசமாட்டான். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் வாரம் ஒருமுறை என்னிடம் வந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போவான். "அண்ணே, இன்னைக்கு சாம்பார்ல பருப்பக் கண்டுபிடிச்சா ஓ.டி. குடுப்பாகளாம்" என்பான். ஓ.டி. என்பது பல்கலைக்கழக வேலையாக வெளியே போகும் மாணவர்களுக்கு வருகை கொடுக்கும் சீட்டு. விளையாட்டுக்குப் போனால், கருத்தரங்குக்குப் போனால், பேராசிரியரோடு ஆய்வுக்குப் போனால் ஓ.டி. உண்டு. அந்தச் சீட்டை நீங்கள் நன்றாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அவனுக்குக் கடைசிப் பருவத்தில் வருகை ஏற்கெனவே குறைவு. காரணத்தைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். அவனுடைய சாதிச் சான்றிதழ் உண்மைதானா என்று மறுபடி சரிபார்த்துக்கொண்டு வரும்படி பல்கலைக்கழகமே கடிதம் கொடுத்து அனுப்பியது. அதைத் தூக்கிக்கொண்டு அவன் தல்லாகுளத்தில் அலுவலகம் அலுவலகமாக நின்றான். ஓர் அலுவலகத்தில் அவன் போட்டிருந்த சட்டையைப் பார்த்து, பளியன் மாதிரியே இல்லையே என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி நின்ற நாட்களை எல்லாம் இங்கே வராத நாட்கள் என்று எழுதினார்கள். தான் அனுப்பிய இடத்துக்குப் போனவனுக்குத் தானே ஆப்சென்ட் போடுவதை நான் ரிக் வண்டி முதலாளிகளிடம்கூடப் பார்த்ததில்லை. அவர்களில் நல்லவர் என்று சொல்லும்படி ஒருவரும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பங்குனியில் மணிகண்டன் என் மேசைக்கு வந்தான். ஊருக்குப் போக வேண்டும், பதினொரு நாள் ஆகும் என்றான். பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. என்னடா விசேஷம் என்றேன்.

"மச்சான் பாறையில இறங்குறாக அண்ணே."

அதற்குமேல் அவன் விளக்கவில்லை. எனக்கு விளக்க வேண்டியதும் இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன். மலைத்தேன் செங்குத்துப் பாறையின் நடுவில் அடை அடையாகத் தொங்கும். மேலே மரத்தில் கட்டிய கயிற்றில் ஓர் ஆள் இறங்குவார். மேலே நின்று அந்தக் கயிற்றைக் காப்பவர், இறங்குகிறவருடைய மனைவியின் அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்க வேண்டும். கூடப்பிறந்தவன் பிடிக்கமாட்டான், சிநேகிதன் பிடிக்கமாட்டான். பங்காளிக்குள் எத்தனையோ மனத்தாங்கல் இருக்கலாம். தன் அக்காள் தாலி தன் கையில் இருக்கும்போது ஒரு தம்பி கையைத் தளர்த்தமாட்டான். இதுதான் அவர்கள் ஏற்பாடு. மணிகண்டனின் அக்கா செல்விக்குத் தம்பி அவன் ஒருவன்தான். அவன் போகவில்லை என்றால் செல்வியின் கணவர் அந்த வருஷம் இறங்கமாட்டார். அந்த வீட்டுக்கு அந்தப் பருவம் அத்தோடு போயிற்று.

"போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவன் போனான். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். திருப்பரங்குன்றத்தில் என் அறைக்கு நாலு கடை தள்ளி ஒரு டாக்டர் இருந்தார். யாருக்கு எந்தக் காய்ச்சல் வேண்டும் என்று சொன்னால் எழுதித் தருவார். மணிகண்டனுக்கு டைபாய்டு, பதினொரு நாள் ஓய்வு என்று வாங்கினேன். அவன் திரும்பி வந்ததும், இங்கே கையெழுத்துப் போடு என்றேன். போட்டான். என்ன எழுதியிருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. மச்சானுக்குக் கயிறு பிடிக்கப் போனேன் என்று எழுதினால் அலுவலகத்தில் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அதைத் தடுத்து அவன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த வேலையில் நான் செய்த தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

மருத்துவச் சான்றிதழ் துறைத்தலைவரின் மேசைக்குப் போனது. அங்கேதான் மாட்டிக்கொண்டது. அந்தப் பதினொரு நாட்களில் நான்கு நாட்கள் துறைத்தலைவரே அந்தப் பாறையின் மேல் இருந்திருக்கிறார். பளியர் தேன் எடுக்கும் முறையைப் பற்றி அவருக்கு ஓர் ஆய்வுத் திட்டம். இரண்டு கேமராக்கள், மூன்று ஆராய்ச்சி மாணவர்கள், ஒரு வேன் என்று போயிருக்கிறார். மணிகண்டன் கயிறு பிடித்ததைப் பக்கத்தில் நின்று படம் எடுத்தவர் அவர். சான்றிதழின் ஓரத்திலேயே எழுதிவிட்டார்: 'இந்த நாட்களில் மாணவரை மலையில் நல்ல உடல்நிலையில் நேரில் கண்டேன். போலிச் சான்றிதழ். பரீட்சை எழுத அனுமதிக்க வேண்டாம்.'

நேரில் கண்டாராம். எதைக் கண்டார் என்று அவர் எழுதவில்லை.

அந்தக் குறிப்பைப் பார்த்த அன்று நான் மணிகண்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. மலையில் நடந்ததை அப்போதுதான் சொன்னான். மூன்றாம் நாள் வெளிச்சம் சரியாக விழவில்லை என்று துறைத்தலைவர் மச்சானை இன்னொருமுறை இறங்கச் சொல்லியிருக்கிறார். தேனீ கலைந்து கிடந்த நேரம். மச்சான் இவனைப் பார்த்திருக்கிறார். இவன் கயிற்றை அவிழ்த்துச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். அந்த வருத்தம் அவருக்கு இருந்திருக்கலாம் என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வஞ்சம் வைக்கிற ஆள் இல்லை. மலையில் பார்த்தது ஆய்வு, வகுப்பில் இல்லாதது ஒழுங்கீனம். இரண்டும் ஒரே காரியம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. வஞ்சத்தை நான் பொறுத்துக்கொள்வேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். பரீட்சைக்கு ஆறு நாட்கள் இருந்தன. போலிச் சான்றிதழ் என்று முடிவானால் பரீட்சை மட்டும் போகாது, படிப்பே போய்விடும். அவனுக்குப் பின்னால் அந்தக் குடியிருப்பிலிருந்து கல்லூரிக்கு வரக் காத்திருந்த இரண்டு பெண்களின் வீட்டாருக்கும் அது போய்ச் சேரும்.

தேர்வுப் பிரிவில் ஒரு கண்காணிப்பாளர் அம்மா இருந்தார். வீட்டுக்குப் போன் பேசும்போது சௌராஷ்டிர மொழியில் மெதுவாகப் பேசுவார். எங்களிடம் பேசும்போது தமிழில் அதைவிட மெதுவாகப் பேசுவார். விசாரணைக் கோப்பு அவர் கையில் இருந்தது. விசாரணைக்கு முந்தைய நாள் மாலை என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்ணே, இம்புட்டு வருஷமா இங்க இருக்கீங்க. உண்மைக் காரணத்த ஒரு தடவையாவது எழுதிப் பாத்தீங்களா?"

எழுதினால் ஏற்கமாட்டார்கள் மேடம் என்றேன்.

"ஏத்துக்கலேன்னு ஒரு தாள் காட்டுங்க."

என்னிடம் அப்படி ஒரு தாளும் இல்லை. யாரும் மறுக்கவில்லை, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களும் கேட்கவில்லை. பழங்குடி மாணவர்களின் பழைய கோப்புகளை அவர் எடுத்துக் காட்டினார். வருஷா வருஷம் பங்குனி, சித்திரையில் டைபாய்டு, மஞ்சள் காமாலை, அம்மை. மலையில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தேன் பருவத்தில் மட்டும் நோய் வந்திருக்கிறது. இந்தக் கட்டடம் முழுக்க அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

மறுநாள் விசாரணையில் புல முதல்வர் தலைமை. பக்கத்தில் துறைத்தலைவர். கோப்போடு கண்காணிப்பாளர் அம்மா. எதிரே மணிகண்டனும் நானும். சான்றிதழை வாங்கியது நான், அவனுக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதற்கு உங்களுக்குத் தனியாக மெமோ வரும் என்றார் புல முதல்வர். பிறகு மணிகண்டனைப் பார்த்து, வேறு யாரும் கயிறு பிடிக்க ஆளில்லையா, படிக்கிற பையன் நீதான் போக வேண்டுமா என்று கேட்டார்.

மணிகண்டன் துறைத்தலைவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னான்.

"சாருக்குத் தெரியும் சார். மொத நாளே சார் கேட்டாக, போட்டோவுக்கு ஒரு நிமிசம் நான் புடிச்சுக்கிறேன்னு. மச்சான் வேணாம்ட்டாக. சார் நோட்டுல எழுதிக்கிட்டாக."

துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்காணிப்பாளர் அம்மா கோப்பில் ஒரு தாளைப் புரட்டினார்.

"சார், அந்த நாலு நாளுக்கு உங்க கூட வந்த மூணு ஸ்காலருக்கும் ஓ.டி. போட்டிருக்கீங்க. இந்த மாணவர் பேரு அதுல விட்டுப்போச்சே?"

"அவன் என் டீம்ல இல்லம்மா. அவன் தகவலாளி."

ஆய்வுக்குத் தகவல் சொல்லும் ஊர்க்காரருக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அந்தச் சொல்லை அந்த அறையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேமராவைப் பிடித்தவன் மாணவன். கயிற்றைப் பிடித்தவன் தகவலாளி. ஒரே துறை, ஒரே பாறை, ஒரே வெயில். சொல்லப்போனால் கேமரா பிடித்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிப் போயிருக்கிறார்கள்.

புல முதல்வர் அனுபவஸ்தர். பேச்சு போகிற திசை அவருக்குப் பிடிக்கவில்லை. தேன் எடுக்கப் போனதற்கு வருகை கொடுத்தால் நாளைக்கு ஆடு மேய்க்கப் போனவனும் வந்து நிற்பான், இதை ஒரு முன்னுதாரணமாக்க முடியாது என்றார். பிறகு ஒரு வழி சொன்னார். டைபாய்டு டைபாய்டாகவே இருக்கட்டும். துறைத்தலைவர் தேதியில் குழப்பம் என்று எழுதித் தன் குறிப்பைத் திரும்பப் பெறுவார். தனக்குச் சுகமில்லாமல்தான் வரவில்லை என்று மணிகண்டன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். ஹால் டிக்கெட் அன்று மாலையே கிடைக்கும்.

யோசித்துப் பாருங்கள். பொய் என்று விசாரிக்கக் கூட்டிய கூட்டம், பொய் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, அந்தப் பொய்யையே எடுத்து நீட்டியது. உண்மையைவிட அது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியத்தை டாக்டரிடம் நூறு ரூபாய்க்கு எழுதி வாங்கிக் கொடுத்தவன் நான்.

பத்து நிமிஷம் கொடுத்தார்கள். வராந்தாவுக்கு வந்தோம். நான் அடுத்த தவறைச் செய்தேன். மணிகண்டனின் தோளைப் பிடித்து, போட்டுத் தொலைடா, பரீட்சையை எழுதிவிட்டுப் போய்விடலாம், அப்புறம் யார் இந்தத் தாளைப் பார்க்கப் போகிறார்கள் என்று கெஞ்சினேன். ஆறு நாளில் பரீட்சை என்பது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது. அவசரத்தில் இருப்பவனுக்கு எந்தக் கதவும் வாசலாகத்தான் தெரியும்.

அவன் என் கையை எடுத்துவிட்டான்.

"அந்த பதினொரு நாள் நான் காய்ச்சல்ல கெடந்தேன்னு எழுதுனா, மச்சானுக்குக் கயித்தப் புடிச்சது யாருண்ணே? இத எங்க அக்காகிட்டப் போய் நான் என்னன்னு சொல்ல?"

அத்தனை வருஷம் அந்த வீடுகளில் ஏறி இறங்கியவன் நான். கயிற்று முறையைப் பற்றி இரண்டு பேராசிரியர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் கொடுத்த சான்றிதழ், ஒரு தம்பி வராமல் அவன் அக்காள் புருஷன் அந்நியன் கையை நம்பி இறங்கினான் என்று சொல்கிறது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அங்கே அது ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லக்கூடிய மோசமான பேச்சு. அதை முத்திரை குத்தி வாங்கி வந்திருந்தேன்.

கண்காணிப்பாளர் அம்மா வராந்தாவில் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். மணிகண்டனிடம் ஒன்று கேட்டார். படம் எடுக்க ஆரம்பிக்கும் முன் உன்னிடம் ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கினார்களா? வாங்கினார்கள் மேடம், தினமும் காலையில் ஒன்று, மொத்தம் நாலு என்றான். பல்கலைக்கழக ஆய்வில் பங்கேற்கச் சம்மதம் என்ற ஒப்புதல் படிவம் அது. தேதி, இடம், பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஆய்வுக்கு நிதி கொடுப்பவர்கள் அது இல்லாமல் அறிக்கையை வாங்கமாட்டார்கள்.

"உள்ள போயி அத மட்டும் கேளுங்க. சத்தம் போடாதீங்க" என்றார்.

போனோம். மணிகண்டன் கையெழுத்துப் போட முடியாது என்றான். நான் ஒப்புதல் படிவங்களைக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். சத்தம் போடாமல் கேட்பது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது. லாரி ஷெட்டில் பழகிய தொண்டை எனக்கு. எதற்கு என்றார் துறைத்தலைவர். அந்த நாலு நாளும் மாணவர் காய்ச்சலில் கிடந்தார் என்று இந்தக் கூட்டம் எழுதினால், அந்த நாலு படிவத்திலும் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று ஒரு கேள்வி வருமே சார் என்றேன்.

மின்விசிறியின் கீழே தாள்கள் படபடத்தன. அறிக்கை ஏற்கெனவே போய்விட்டது, படம் போய்விட்டது, படத்தில் மணிகண்டனின் முகம் தெளிவாக இருக்கிறது என்பதெல்லாம் துறைத்தலைவருக்குத் தெரியும். அதை எல்லாம் புல முதல்வர் அவர் முகத்திலேயே படித்துக்கொண்டார். ஓ.டி. படிவம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். கண்காணிப்பாளர் அம்மா கோப்புக்குள்ளிருந்தே ஒன்றை எடுத்து நீட்டினார். நிரப்பித் தயாராக வைத்திருந்தார், காரணம் என்ற கட்டம் மட்டும் காலி.

துறைத்தலைவர் அந்தக் கட்டத்தில் 'ஆய்வுப் பணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான்கு நாட்கள். அந்த நான்கு நாட்கள் சேர்ந்ததும், மன்னித்து அனுமதிக்கக்கூடிய வரம்புக்குள் மணிகண்டனின் வருகை ஏறியது. மருத்துவச் சான்றிதழைத் திரும்பப் பெறுவதாக நான் எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் என்று எழுதிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு வருந்துகிறேன் என்று மணிகண்டன் ஒரு வரி எழுதினான். ஊருக்குப் போனதற்கும் சேர்த்து வருந்தச் சொன்னார்கள். அதை அவன் எழுதவில்லை. நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு மெமோ வந்தது. மூன்று மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். மேலூர்ப் பக்கம் ஒரு கரும்பு ஆலையில் லாரிக்குப் பாரம் ஏற்றினேன். எனக்கு அது நியாயமான தண்டனைதான். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு. ஹால் டிக்கெட் வாங்கப் போன அன்று வருகைப் பதிவேட்டின் நகலையும் கொடுத்தார்கள். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். மணிகண்டன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். பதினொரு கட்டங்கள். கேமரா வந்த நான்கு கட்டங்களில் ஓ.டி. மற்ற ஏழிலும் சிவப்பு மையில் ஆப்சென்ட். அந்த ஏழு நாளும் அதே பாறைதான், அதே கயிறுதான், கீழே தொங்கியது அதே மச்சான்தான்.

"படம் எடுக்க யாரும் வரலேன்னா நாங்க அங்க இல்லையாண்ணே?" என்றான்.

பரீட்சை எழுதினான், பாஸ் செய்தான். அந்த ஏழு நாட்களுக்காக நான் ஒரு மனு எழுதினேன். தேன் பருவத்தில் கயிறு பிடிக்கப் போகும் மாணவருக்கு அந்த நாட்கள் வருகையாகக் கணக்கிடப்பட வேண்டும் என்று, எந்த நோயின் பெயரும் இல்லாமல், உள்ளது உள்ளபடி. கூட்டத்தில் வைக்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த வருஷம் மறுத்து ஒரு கடிதம் தந்தார்கள். அந்த வருஷம்தான் நான் ஓய்வுபெற்றேன்.

அந்தக் கடிதத்தை உங்கள் மேசை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மறுத்தார்கள் என்பதற்கு இப்போது நம்மிடம் ஒரு தாள் இருக்கிறது. இந்தப் பங்குனியில் அந்தக் குடியிருப்பிலிருந்து படிக்க வந்திருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தி ஊருக்குப் போய்விட்டு வருவாள். அண்ணன் இல்லாத வீடு, தம்பிக்குப் பன்னிரண்டு வயது, அதனால் இந்த முறை அக்காள் புருஷனுக்காகக் கயிற்றின் பக்கத்தில் நிற்கப்போவது அவள்தான் என்று பேசி முடிவுசெய்திருக்கிறார்களாம். அவளிடம் காரணம் கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.